கைத்துளை

அம்மாவின் குடுக்கையில் தண்ணீர் மிச்சமிருந்தது.

வீட்டை அடைத்துப் பதினேழாம் நாள். இருட்டில் தடவிக்கொண்டு போன அயேனாவின் விரல் சுரைக்குடுக்கையில் பட்டது. தூக்கியபோது உள்ளே தளும்பியது. பாதிக்கு மேல் இருக்கும். நோயில் உடம்பு உப்புப் பூத்தவர்கள் தண்ணீர் மிச்சம் வைப்பதில்லை. குடுக்கையைக் கவிழ்த்து, விரலை விட்டுத் துழாவி, அந்த விரலையும் சப்புவார்கள். அயேனா அதைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள். அம்மாவைத் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அழவில்லை. அழுதால் தாகம் எடுக்கும். தங்கச்சி துமெலியை எழுப்பி, மிச்சத் தண்ணீரை அவள் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். ஐந்து வயசுப் பிள்ளை, கண்ணைத் திறக்காமலே குடித்தது.

"அம்மாவோடதா?"

"ஆமா. உனக்குக் குடுக்கச் சொன்னா."

காரடே ஊரில் எல்லா வீடும் உப்புப் பாளத்தால் கட்டியதுதான். ஏரி வற்றிய படுகையில் பாளம் வெட்டி, ஆமை இழுக்கும் சட்டத்தில் ஏற்றிக் கொண்டுவந்து அடுக்கி, மேலே மண்ணைப் பூசிவிடுவார்கள். நோய் கண்ட வீட்டை அடைப்பதென்றால் வாசலிலும் பாளம் அடுக்கிப் பூசிவிட வேண்டியதுதான். அரை நாள் வேலை. நெஞ்சு உயரத்தில் ஒரு துளை மட்டும் விடுவார்கள், ஒரு கை போகிற அளவுக்கு. இருபத்தொரு நாள். உச்சிவேளையில் மேஸ்திரி வந்து குரல் கொடுப்பான். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை வலது கையும் ஒவ்வொன்றாக வெளியே நீள வேண்டும். கைக்கு ஒரு குடுக்கைத் தண்ணீர், ஒரு தினை உருண்டை. இருபது உச்சியிலும் கணக்குச் சரியாக இருந்தால் இருபத்தோராம் நாள் விடியலில் வாசலை உடைப்பார்கள். ஒரு கை குறைந்தால் துளையையும் அடைத்துவிடுவார்கள்.

எதிர்வீட்டு செபூலா குடும்பத்துக்கு ஐந்து கை. ஆறாம் நாள் நான்குதான் வந்தது. பாளத்தைச் செதுக்கித் துளையில் செருகி அடித்த சத்தம் அயேனாவுக்குக் கேட்டது. அதற்கப்புறம் மூன்று நாள், உள்ளேயிருந்து தட்டிய சத்தமும் கேட்டது. நான்காம் நாள் கேட்கவில்லை.

இன்னும் நான்கு உச்சி.

தன் கையையே இரண்டு தடவை நீட்டலாமா என்று யோசித்தாள். நடக்காது. மேஸ்திரி மகோரி பதினைந்து வருஷம் அம்மாவை வேலை வாங்கியவன். அம்மா மொரூவாவின் மோதிர விரலில் பாதி கிடையாது. பாளம் சரிந்து நசுக்கியதை அவனே வெட்டி எடுத்தான். அந்தக் கைதான் வேண்டும். அம்மாவுக்குக் கணுக்காலில் தொடங்கி இடுப்புவரை வெள்ளையாகப் பூத்து நெஞ்சுக்கு ஏறியிருந்தது. வலது கையில் மட்டும் ஒன்றுமில்லை.

உச்சி நெருங்கியபோது, அம்மாவின் அக்குளில் கை கொடுத்து வாசலுக்கு இழுத்து வந்தாள். பாளம் இழுத்த உடம்புதான் அவளுக்கும். ஆனாலும் மூச்சு வாங்கியது. நிமிர்த்தி, சுவரோடு சாய்த்து, தன் தோளை முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். அம்மாவின் தலை அவள் கழுத்தில் வந்து சாய்ந்தது. தலைமுடியில் உப்பும் வியர்வையும் கலந்த அதே வாசனை.

"ஏ மொரூவா வீடு! கை நீட்டு!"

விறைத்த கையைத் துளைக்குள் செருகினாள். வெளியே ஆமையின் கழுத்து மணி ஆடியது. எண்ணிய கைக்கு அடையாளமாக வைக்கும் செங்களிமண்ணை, மகோரி நோய்க்குப் பயந்து ஆறடிக் கழியின் நுனியால்தான் வைப்பான்.

"என்ன மொரூவா, விரலை வெறகு மாரி வெச்சிருக்க? எம்மேல கோவமா?"

அயேனா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "தூக்கக் கலக்கத்துல நிக்கிறா மாமா. சீக்கிரம் வைய்யி."

"நா வர்ற நேரத்துல தூங்குறாளாக்கும். படுகையில தூங்கினா கூலிய வெட்டுவேன், ஒங்கம்மாவுக்கு இப்ப கொழுப்பு." சிரித்தான். ஈரக் களி புறங்கையில் அப்பியது. "ஒண்ணு."

அப்புறம் துமெலி. அப்புறம் அயேனா.

"மூணு. சரி."

மூன்று குடுக்கைகளும் மூன்று உருண்டைகளும் துளை வழியே வந்தன.

செங்களியைப் பற்றி அந்த ஊரில் யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் வேலைக்கு வந்தவன் புறங்கையில் மேஸ்திரி களி வைப்பான். சாயங்காலம் தொட்டியில் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். களியோடு யாரும் தூங்குவதில்லை. கை வேலையை விடாது. அப்பா உயிரோடு இருந்தபோது ஒருநாள் கள்ளைக் குடித்துவிட்டுக் கழுவாமல் படுத்துவிட்டார். காலையில் பார்த்தால் தூக்கத்திலேயே முழங்கால் ஆழத்துக்குத் தரையைத் தோண்டியிருக்கிறார். இரண்டு நகம் இல்லை. அம்மா பானைத் தண்ணீரை அவர் கைமேல் கொட்டிய பிறகுதான் நின்றது. செத்தவர்களுக்கு இன்னும் கண்டிப்பு: களியைக் கழுவி, கையை நார்க்கயிற்றால் நெஞ்சோடு கட்டி, "வேலை முடிஞ்சுது, போ" என்று சொல்ல வேண்டும். இந்தப் பதினாறு நாளும் அம்மா கால் வெள்ளையாகிக் கிடந்தபோதுகூட, சாயங்காலமானால் மூன்று பேர் கையையும் ஒவ்வொரு உள்ளங்கைத் தண்ணீர் விட்டுக் கழுவினாள்.

அயேனா மூன்று குடுக்கைகளையும் பார்த்தாள். உலர்ந்த களி ஓர் உள்ளங்கைத் தண்ணீருக்கு அசையாது. நன்றாகத் தேய்க்க வேண்டும். துமெலியின் உதடு வெடித்திருந்தது. குழந்தைக்கு லேசாகத்தான் வைப்பார்கள். அதை எச்சில் தொட்டுத் துடைத்துவிட்டாள். அம்மா கையைக் கட்ட முடியாது. கட்டி விறைத்துவிட்டால் நாளைக்கு நீளாது. செத்த கைக்கு எதற்குத் தண்ணீர்?

தன் கையைக் கழுவவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

அம்மாவை மூலைக்கு இழுத்துச் சாக்கால் மூடினாள்.

பிற்பகலில் அந்த வீட்டுக்குள் காற்றே இருக்காது. துளை வழியாக வருகிற வெயில் ஒரு கம்பி மாதிரி எதிர்ச்சுவரில் குத்தி நிற்கும், மற்றதெல்லாம் கறுப்பு. சுவர் வெப்பத்தில் லேசாக நொறுங்கும் சத்தம், துமெலியின் மூச்சு, தெருக்கோடியில் எங்கோ ஆமையின் மணி, இவைதான் பதினாறு நாளாகக் கேட்ட சத்தங்கள். அன்றைக்கு இன்னொன்று இருந்தது. மெதுவாக, உலர்ந்த ஒன்றை இன்னொன்றின்மேல் இழுக்கிற சத்தம்.

சரக்.

ஓர் இடைவெளி.

சரக்.

எலி என்று நினைத்தாள். காரடேவில் எலி கிடையாது. உப்பில் என்ன தின்னும்? ஆனாலும் எலி என்றே நினைத்தாள். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். படுகையில் உப்புப் பொடி சுரண்டும் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். பாளத்துக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. ஒருத்தி தன் பக்கம் இழுத்து முடித்ததும் மற்றவள் இழுப்பாள். பன்னிரண்டு வயசிலிருந்து நாலு வருஷம் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து அவள் அதைச் செய்திருக்கிறாள். அந்த இடைவெளி எவ்வளவு நீளமென்று அவள் தோளுக்குத் தெரியும்.

சரக்.

இடைவெளி.

மடியில் கிடந்த அவளுடைய வலது கை விரல்கள் ஒருமுறை மடங்கி நீண்டன.

எழுந்து போய்ப் பார்க்கவில்லை. துமெலியை இழுத்து அணைத்துக்கொண்டு காதைப் பொத்தினாள். எப்போது தூங்கினாளோ.

விடிந்து பார்த்தபோது அம்மாமேல் போட்ட சாக்கு அப்படியே இருந்தது. ஆனால் மூலைச் சுவரில் மண்பூச்சு முழ நீளத்துக்குப் போயிருந்தது. கீழே வெள்ளைப் பொடி, படுகையில் குவிப்பதுபோலவே கூம்பாகக் குவிக்கப்பட்டு, உச்சி தட்டையாகத் தட்டப்பட்டிருந்தது. பக்கத்திலேயே இன்னொரு குவியல்.

"அக்கா, ராத்திரி பூரா ஒரே சத்தம்," என்றாள் துமெலி. "தூங்கவே விடல."

"சொவரு உதிருது. கம்முனு இரு."

அயேனாவுக்கு விரல் நுனிகள் எரிந்தன. அம்மாவை இழுத்த இழுப்பு, அப்புறம் உப்பு, எரியத்தான் செய்யும்.

பதினெட்டாம் நாள் உச்சியில் மகோரியின் குரலில் சிரிப்பு இல்லை.

"அயேனா, கேட்டுக்க. பானைக்காரத் தெருவுல ஒருத்தன் அப்பன் பொணத்தோட கைய நீட்டியிருக்கான், மூணு நாளா. இன்னைக்கிலேர்ந்து புது உத்தரவு. நீட்டின கை மடங்கணும். மடங்கலன்னா நா என்ன பண்ண முடியும் சொல்லு."

அம்மாவின் கை ஏற்கெனவே துளைக்கு வெளியே இருந்தது. விறைப்பு விட்டுத் தளர்ந்து தொங்கியது. அயேனா உள்ளே முழங்கைக்குக் கீழே பிடித்துக்கொண்டு நின்றாள். ஆடு அறுக்கும்போது காலின் நரம்பை இழுத்தால் குளம்பு மடங்குவதைப் பார்த்திருக்கிறாள். கட்டைவிரலால் அம்மாவின் முன்கையில் நரம்பைத் தேடி அழுத்தினாள். எங்கே அழுத்துவது? இன்னும் கீழேயா?

"மொரூவா. மடக்கு."

அழுத்தினாள்.

"மொரூவாக்கா, ஒன்னத்தான் சொல்றேன். வெளையாடாத. எனக்கும் மேல ஆளு இருக்கு."

மடங்கவில்லை. கை சோர்ந்து அழுத்துவதை விட்டுவிட்டாள். அவள் விட்ட பிறகுதான், அவள் விரல்களுக்கு அடியில், அம்மாவின் முன்கைக்குள் ஏதோ கயிறு மாதிரி நகர்ந்தது.

"ஆங், அப்புடி! அதானே பாத்தேன். மொண்டி வெரலும் மடங்குது பாரு. ஒண்ணு."

நரம்புதான். தான் அழுத்தியதுதான். ஆட்டுக்கால் மாதிரிதான். அயேனா அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே தன் கையை நீட்டினாள். நேற்றைய களிமேல் இன்றைய களி.

அன்று சாயங்காலம் அம்மாவின் களியைக் கழுவிவிட வேண்டும் என்றுதான் ஒரு குடுக்கையைத் தனியாக எடுத்து வைத்தாள். சத்தியமாக வைத்தாள். வெயில் கம்பி சுவரில் மேலே ஏறியபோது துமெலி இருமத் தொடங்கினாள். வறண்ட இருமல், நெஞ்சிலிருந்து மணல் கொட்டுவது போல.

"அக்கா, தண்ணி."

"குடிச்சியேடி."

"அக்கா. தண்ணி, அக்கா."

கேட்டுக்கொண்டே இருந்தாள். குரல் தேய்ந்து வெறும் உதட்டசைவாகிற வரைக்கும் கேட்டாள். அயேனா தனிக் குடுக்கையைத் திறந்தாள். முழுசும் குடிக்க விட்டாள். கழுத்தில் வழிந்ததைத் துடைக்கப்போன கையில் ஏதோ சொரசொரத்தது. துமெலியைத் தூக்கி வெயில் கம்பிக்கு நேரே பிடித்தாள். பிடரியில், முடி தொடங்குகிற இடத்தில், நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு.

எச்சில் தொட்டுத் துடைத்தாள். போனது. அழுக்குத்தான்.

மறுபடி பார்த்தபோது இருந்தது.

வாசலை உடைத்ததும் எல்லாரையும் வெயிலில் நிறுத்திப் பார்ப்பார்கள். பூத்த ஆளை அங்கேயே பிரித்து விடுவார்கள். ஆனால் வெளியே போனால் தண்ணீர் இருக்கிறது. கேட்டபோதெல்லாம் தண்ணீர் குடித்துப் பிழைத்த பிள்ளைகள் இரண்டு பேரை அவளுக்குத் தெரியும். முடியை இழுத்துவிட்டு மறைக்கலாம். வெளியே போனால் போதும். இன்னும் இரண்டு உச்சி.

கழுவத்தான் தண்ணீர் இல்லை, கட்டவாவது செய்யலாம். நார்க்கயிற்றை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனாள். சாக்குக்கு அடியில் கைவிட்டுத் துழாவி, மணிக்கட்டைப் பிடித்து, பார்க்காமலே கட்டினாள். மூன்று முடிச்சு. "வேலை முடிஞ்சுது, போ" என்று சொல்ல வாயெடுத்தாள். களியோடு அதைச் சொல்லக்கூடாது; சொன்னால் பொய். வாயை மூடிக்கொண்டாள்.

வாசலோடு முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். தூங்கக்கூடாது என்று நாக்கைக் கடித்தாள். வெப்பம் தலையை அமுக்கியது. கண் சொருகியும் சொருகாமலும் இருந்த ஏதோ ஒரு நேரத்தில் சத்தம் மறுபடி கேட்டது. சரக். சரக். சரக். சரக். நிறுத்தாமல், நல்ல வேலை ஓடுகிற படுகையில் கேட்பது போல. இதமாகக்கூட இருந்தது. ஏதோ ஒன்று மாறியிருப்பதாகத் தோன்றியது, என்னவென்று பிடிபடவில்லை. விழித்து நிமிர்ந்தபோதுதான் புரிந்தது.

இடைவெளி இல்லை.

அவள் விழித்ததும் சத்தம் பாதியானது. சரக். அப்புறம், அவளுக்குத் தெரிந்த அதே நீளத்துக்கு, ஒன்றுமில்லை. சரக்.

பத்தொன்பதாம் நாள் உச்சி. மகோரி குரல் கொடுக்கும்போது அவள் துமெலியின் பிடரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவை இன்னும் இழுத்து வரவில்லை. "இரு மாமா, வர்றோம்" என்று எழுந்தபோது வீடு இருண்டது. துளை வழியே வந்த வெளிச்சம் நின்றுவிட்டது. வாசலோரம் ஏதோ உயரமாக நின்றது. உப்பும் வியர்வையும் கலந்த வாசனை.

வெளியே மகோரி சொன்னான்: "ஒண்ணு. இன்னைக்கு நல்ல சுறுசுறுப்பு மொரூவாக்கா."

அயேனா கத்தவில்லை. துமெலியின் வாயைப் பொத்தினாள். கத்தினால் துளை அடைபடும். நின்றது மெல்லச் சரிந்து தரையில் விழுந்தது. மூட்டை விழுகிற சத்தம். மணிக்கட்டில் அறுந்த கயிறு. அதைத் தாண்டிப் போய்த் தங்கச்சியின் கையை நீட்டினாள். தன் கையை நீட்டினாள்.

"ரெண்டு. மூணு. ஏ புள்ள, ஒங்கையி ஏன் இப்புடி நடுங்குது?"

"பசி மாமா."

"நாளைக்கு ஒரு நாளு. பொறுத்துக்க."

அன்றைய தண்ணீரும் துமெலிக்கே போனது. எவ்வளவு குடித்தாலும் போதவில்லை. வெள்ளைக் கோடு தோளுக்கு இறங்கி, முதுகில் கையளவு விரிந்திருந்தது. கிள்ளிப் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"என்னக்கா?"

"கிள்ளினேனே. வலிக்கலயா?"

"எங்க கிள்ளின?"

இருபதாம் நாள். கடைசி உச்சி. துமெலியின் புறங்கையில்கூடப் பூத்துவிட்டது. சாக்கு முனையால் தேய்த்து எடுத்து, அடுப்புக்கரி தடவி, கண்ணை மூடிக்கொண்டு நீட்ட வைத்தாள். அம்மாவின் கை தானாகவே போனது. அவள் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்து நின்றாள்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு." மகோரி கழியால் பூச்சைத் தட்டினான். "முடிஞ்சுது அயேனா! வெடிகாலைல ஆளோட வந்து ஒடைக்கிறேன். ஒங்கம்மாட்ட சொல்லு, மூணு வாரம் தின்னு தூங்கினதுக்குச் சேத்து வேல வாங்குவேன்னு."

அயேனா சுவரில் சரிந்து உட்கார்ந்தாள். முதல்முறையாக அழுதாள், கண்ணீர் வரவில்லை. முடிந்தது. இனி தண்ணீரைக் காப்பாற்றி வைக்க வேண்டியதில்லை. மூன்று குடுக்கையையும் திறந்து துமெலியிடம் கொடுத்தாள். குடிடி. எல்லாத்தையும் குடி. நாளைக்குத் தொட்டித் தண்ணியிலயே ஒக்காரலாம். பிள்ளை கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, ஓடுகளை நக்கி, அவள் மடியில் சாய்ந்தது.

வாசலை ஒட்டிப் படுத்துக்கொண்டாள். நாலு நாள் தூக்கம். வெயில் கம்பி சுவரில் ஏறியதை ஒரு தடவை பார்த்தாள். அவ்வளவுதான்.

சரக். சரக். சரக்.

சத்தம் முன்போல் இல்லை. அவ்வளவு உலர்ந்ததாக இல்லை. மிக அருகில் இருந்தது.

கண்ணைத் திறந்தாள். சாயங்கால வெளிச்சம், சிவப்பாக, துளை வழியே சாய்ந்து விழுந்தது. துமெலி குப்புறப் படுத்திருந்தாள். முதுகு முழுக்கப் பூத்து, பாளம் மாதிரி வெள்ளையாக மின்னியது. அந்தப் பக்கம் அம்மா உட்கார்ந்திருந்தாள். தலை மார்பில் தொங்கியது. வலது கை மட்டும் வேலையில் இருந்தது. பாதி விரல், முழு விரல்கள், எல்லாம் வளைந்து, தன் பக்கம் ஓர் இழுப்பு.

இந்தப் பக்கம் இன்னோர் இழுப்பு.

அயேனா தன் தோளைப் பார்த்தாள். முழங்கையைப் பார்த்தாள். நான்கு நாள் களி, ஒன்றின்மேல் ஒன்றாகக் காய்ந்து, சிவப்பு ஓடாகப் புறங்கையை மூடியிருந்தது. நகங்கள் வெள்ளையில் பதிந்தன. இழுத்தன. அம்மாவின் முறை. அப்புறம் அவள் முறை.

நிறுத்து என்றாள். இடது கையால் மணிக்கட்டைப் பிடித்தாள். இடது கையையும் இழுத்துக்கொண்டு போனது. உடம்பைப் பின்னால் சாய்த்தாள். முடியவில்லை. குடுக்கைகளைக் காலால் இழுத்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. ஓடு மட்டும். துப்பினாள். வாயில் எச்சில் இல்லை.

"மாமா!" என்று கத்தினாள். தெருவில் ஆமை மணிகூட இல்லை.

துமெலி கன்னத்தைத் தரையில் வைத்தபடியே திரும்பிப் பார்த்தாள். தூக்கக் கண்.

"வலிக்கலக்கா," என்றாள். "கூசுது."

சரக்.

சரக்.

தரையில் வெள்ளைக் குவியல் கூம்பாக எழும்பியிருந்தது. அடிப்பக்கம் சிவந்திருந்தது. அம்மாவின் கை ஒரு கணம் நின்று, அதன் உச்சியைத் தட்டையாகத் தட்டிவிட்டு, அடுத்த குவியலுக்கு இடம் ஒதுக்கியது. அயேனாவின் கை அங்கே முதல் பிடியைக் கொண்டுபோய்ப் போட்டது.